அடியில் மேய்வது

ஆவணி முழுக்க மழை.
சேர்வராயன் மலையில் முகில் இறங்கி
மாரமங்கலம் ரோடே காணாமல் போகிறது.
எங்கள் சரிவில் மட்டும் புல்
பங்குனி வெயிலில் நிற்பதுபோல் பழுத்துக் கிடக்கிறது.

குளிர் என்றார் சின்னாண்டி.
மறுநாள், மேல்வீட்டு ஆட்டு மூத்திரம் என்றார்.
அதற்கடுத்த நாள், யாரோ கண்ணு வச்சிட்டாங்க என்று
ஒரு எலுமிச்சம்பழத்தை வேலிமுள்ளில் குத்திவிட்டு
சேலம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

புள்ளிதான் கண்டுபிடித்தது.
நாக்கைச் சுழற்றி ஒரு பிடி வளைத்து
எப்போதும்போல் தலையை வெட்டி இழுத்தது.
புல் அறுபடவில்லை.
மண்ணோடு, தூரோடு,
அப்படியே வாயோடு வந்துவிட்டது.
மாடு திகைத்து நான் பார்த்தது அன்றுதான்.
தொங்கியதைத் துப்பிவிட்டு
என்னையே பார்த்தது,
பரிமாறியவளைப் பார்ப்பதுபோல்.

குனிந்து விரல் விட்டேன்.
புல் பாயாகச் சுருண்டது.
வேர் இருக்கவேண்டிய இடத்தில்
அவை இருந்தன.

சுண்டுவிரல் தடிமன். சீம்பால் நிறம்.
தலை மட்டும் புளியங்கொட்டை.
வெளிச்சம் பட்டதும் வளைந்து
வாயும் வாலும் தொட்டுக்கொள்ளப் படுத்துக்கொண்டன.
பின்பக்கத் தோல் கண்ணாடி மாதிரி.
உள்ளே கறுப்பாகத் தெரிகிறது
என் மண்,
பாதி செரித்த என் புல்.

ஆனியில் சாணி வாரும்போதே பார்த்திருக்கிறேன்,
நொய்யரிசி அளவில்.
அப்போது மக்கின எருவும் அழுகின இலையும்தான் தின்றன.
போகட்டும் என்று விட்டேன்.
ஒருமுறை தோலுரித்து மயிர்வேருக்கு வந்தன.
இன்னொருமுறை உரித்ததும்
எந்த வேர், யார் வேர் என்ற
கேள்வியெல்லாம் போய்விட்டது.
மேலே புள்ளி நுனியிலிருந்து மேய
கீழே இவை அடியிலிருந்து மேய
நடுவில் ஒரு சாண் புல்
இரண்டு பக்கமும் பச்சையாகச் சிரித்துக்கொண்டு
எத்தனை நாள் நின்றதோ.

மண்வெட்டியால் ஒரு சதுர அடி வெட்டி எண்ணினேன்.
பதினேழு.
சரிவு முக்கால் ஏக்கர்.
பெருக்கத் தெரியும்.
பெருக்கவில்லை.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
சித்திரையில் முதல் மழை பெய்த ராத்திரி
வாசல் டியூப்லைட்டில் வந்து மோதின வண்டுகள்.
பொரி கொட்டினதுபோல் தரையெல்லாம்.
பிரவீண் ஊறுகாய் பாட்டிலில் இருபது பிடித்தான்.
மிச்சத்தை விடியலில் முறத்தில் அள்ளி
இதே சரிவில் கொட்டினேன்.
நானே.
கை வீசி,
விதைப்பதுபோல்.

பெட்டைக்கோழியைக் கொண்டுவந்து விட்டேன்.
ஒன்பது தின்றது.
பத்தாவதைக் கொத்திப் பார்த்துவிட்டு
மண்குளியலுக்குப் போய்விட்டது.
கோழிக்குப் போதும் என்று ஒன்று இருக்கிறது.

அன்று ராத்திரி பன்றிகள் வந்தன.
உறுமல் கேட்டது. ஈர மண் பிளக்கிற சத்தமும்
மெல்லுகிற சத்தமும்.
தகரத்தைத் தட்டு, டார்ச்சை அடி என்று
சின்னாண்டி எழுப்பினார்.
தூங்குவதுபோல் கிடந்தேன்.
தின்னு, தின்னு என்று
உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

காலையில் சரிவு உழுதமாதிரி இருந்தது.
காப்பித்தோட்டத்துக் காக்காய்கள் பூராவும் அங்கேதான்.
அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.
எனக்கு என்னமோ
மேசைத் துணியை உருவிப் பார்த்த மாதிரி
ஒரு நிம்மதி.

சொசைட்டியில் அர்த்தநாரி
கேனைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ரெண்டு லிட்டரு கொறையுதே.
கன்னுக்குட்டி குடிச்சிருச்சா?"

"குட்டிங்கதான்" என்றேன்.
எத்தனை என்று அவர் கேட்கவில்லை.
நோட்டில் நாலரை என்று எழுதி
அடுத்த கேனை இழுத்தார்.

திரும்பும்போது வேலிமுள்ளில்
எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது,
மழையில் கழுவி, மஞ்சளாக.
அதை மட்டும் யாரும் தொடவில்லை.